வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கல்வி: சட்டம் என்ன கேட்கிறது, அதை எப்படிப் படிப்பது?

வழிநடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு ஒன்பது வயதில் ஒரு மகளும் ஆறு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். என் கணவரின் பணி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு மாறும் தன்மையுடையது. ஒவ்வொரு முறையும் புதிய பள்ளி, புதிய பாடத்திட்டம், புதிய பயிற்றுமொழி என்று பிள்ளைகள் அலைக்கழிவதைப் பார்த்தபின், இருவரையும் வீட்டிலேயே படிக்கவைப்பது என்று ஏறத்தாழ முடிவு செய்துவிட்டோம். எப்படிக் கற்பிப்பது, எந்தப் புத்தகங்களைப் பயன்படுத்துவது என்பதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை, தயக்கமெல்லாம் சட்டத்தில்தான்.

இணையத்தில் தேடினால் ஒரே நாட்டைப் பற்றி ஒருவர் "தாராளமாகச் செய்யலாம்" என்கிறார், அடுத்தவர் "வழக்குப் போடுவார்கள்" என்கிறார். இருவருமே ஏதோ ஒரு சட்டப்பிரிவை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அடுத்து எந்த நாட்டுக்குச் செல்வோம் என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஆகையால், ஒரு நாட்டைப் பற்றிய பதிலைவிட, எந்த நாட்டின் சட்டத்தைக் கையில் எடுத்தாலும் அதில் எவற்றைத் தேடவேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும். அரசுக்குத் தெரிவித்தால் போதுமா அல்லது அனுமதி பெற்றாக வேண்டுமா, கற்பிக்கும் பெற்றோருக்குக் கல்வித் தகுதி கேட்கிறார்களா, பிள்ளைகள் உண்மையில் படிக்கிறார்கள் என்பதை எப்படி நிறுவுவது என்பவை என் முதன்மையான ஐயங்கள்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

வழிநடை அவர்களுக்கு வணக்கம். கல்விச் சட்டம் சார்ந்த பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். இது பொதுவான விளக்கமே, உங்கள் குடும்பத்துக்கான சட்ட ஆலோசனை அல்ல.

"வீட்டுவழிக் கல்வி சட்டப்படி செல்லுமா" என்று தேடத் தொடங்குவதுதான் குழப்பத்தின் ஊற்றுக்கண். பல நாடுகளின் சட்டத்தில் அந்தச் சொல்லே இருக்காது. அங்கே நீங்கள் முதலில் பார்க்கவேண்டியது, எதைக் கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது என்பதைத்தான். கல்வி பெறுவது கட்டாயமா, பள்ளிக்குச் செல்வது கட்டாயமா? மேலோட்டமாகப் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றே. வீட்டில் கற்பிக்க நினைக்கும் பெற்றோருக்கோ, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதையே இந்த வேறுபாடு முடிவு செய்கிறது.

இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாயக் கல்வி வயதில் உள்ள பிள்ளை, தன் வயதுக்கும் திறனுக்கும் இயல்பான நாட்டத்துக்கும், சிறப்புக் கல்வித் தேவைகள் இருப்பின் அவற்றுக்கும் ஏற்ற, பயன்தரத்தக்க முழுநேரக் கல்வியைப் பெறும்படி செய்வது பெற்றோரின் கடமை என்று அது சொல்கிறது. அக்கல்வி பள்ளிக்கு ஒழுங்காகச் செல்வதன் மூலமாகவோ வேறு வகையிலோ அமையலாம் என்றும் சேர்க்கிறது. "வேறு வகையிலோ" என்ற அந்த இரண்டு சொற்களின் மீதுதான் அந்நாட்டின் வீட்டுவழிக் கல்வி முழுவதும் நிற்கிறது. அயர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய், 1937ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 42ஆவது உறுப்பில், குடும்பமே பிள்ளையின் முதன்மையான, இயற்கையான ஆசிரியர் என்று ஏற்றுக்கொண்டு, பெற்றோர் வீட்டிலேயே கல்வி அளிக்கலாம் என்று வெளிப்படையாகக் கூறியிருக்கிறது. ஆனால் குறைந்தபட்சக் கல்வி ஒன்றை வலியுறுத்தும் உரிமையை அரசும் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது.

ஜெர்மனி இதற்கு நேர் எதிர்முனை. அங்கே மாநிலச் சட்டங்கள் பள்ளிக்குச் செல்வதையே கடமையாக்கியிருக்கின்றன. நோய் போன்ற மிகச் சில காரணங்களுக்கே விலக்கு உண்டு. சமய நம்பிக்கையை முன்வைத்து விலக்குக் கேட்ட பெற்றோரின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006ஆம் ஆண்டில் விசாரணைக்கே ஏற்கவில்லை. வீட்டில் படித்த நான்கு பிள்ளைகளை அதிகாரிகள் 2013ஆம் ஆண்டில் தற்காலிகமாகப் பெற்றோரிடமிருந்து பிரித்த மற்றொரு வழக்கில், குடும்ப வாழ்வுக்கான உரிமை மீறப்படவில்லை என்று அதே நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஐக்கிய நாடுகள் சபையின் 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 26ஆவது உறுப்பு, பிள்ளைகளுக்கு எத்தகைய கல்வி என்பதைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கே என்று கூறுவதை மேற்கோள் காட்டி "உலகம் முழுவதும் இது நமது உரிமை" என்று எழுதுபவர்கள், இந்தத் தீர்ப்புகளையும் சேர்த்துப் படிப்பது நல்லது. பிரகடனத்தை அதிகாரியிடம் நீட்டினால் அவர் மரியாதையுடன் கேட்டுக்கொள்வார்; அபராதக் கடிதம் அதன் பிறகும் வரும்.

இரண்டு முனைகளுக்கும் இடையில் பலவகை நாடுகள் உள்ளன. சுவீடனின் 2010ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் விலக்கை அனுமதிக்கிறது. ஆனால் அதற்குத் தனிச்சிறப்பான காரணம் வேண்டும், ஒரு தடவையில் அதிகபட்சம் ஓராண்டுக்கே விலக்குக் கிடைக்கும். ஏட்டில் கதவு உண்டு, நடைமுறையில் அதன் வழியே நுழைவோர் மிகக் குறைவு. ஸ்பெயினின் அரசமைப்பு நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலும், பிரேசிலின் உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டிலும் வீட்டுவழிக் கல்விக்கான உரிமையைக் கோரிய பெற்றோருக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. எனினும் பிரேசில் நீதிமன்றம், இதற்கென நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றாதவரை அனுமதிக்க முடியாது என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. ஆகவே "நீதிமன்றம் தடைசெய்துவிட்டது" என்று யாரேனும் சொன்னால், என்றென்றைக்குமான தடையா, சட்டம் வரும்வரையிலான தடையா என்று பார்க்கவேண்டும்.

இந்தியா இன்னொரு வகை. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்தால் வந்த 21அ உறுப்பு, ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதைச் செயல்படுத்த வந்த 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் தொடக்கக் கல்விக்குச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அதே சட்டம் அக்கடமையை நிறைவேற்றாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் வகுக்கவில்லை; வீட்டுவழிக் கல்வி என்பதைப் பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை, பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை. நீங்கள் இணையத்தில் கண்ட இரண்டு முரண்பட்ட பதில்களும் பெரும்பாலும் இத்தகைய நாடுகளைப் பற்றியவையாகவே இருக்கும். ஒருவர் கடமையைச் சொல்லும் பிரிவைப் படித்திருப்பார், மற்றவர் தண்டனைப் பிரிவைத் தேடிக் காணாமல் திரும்பியிருப்பார்.

ஆகவே கடமை யார்மீது சுமத்தப்பட்டிருக்கிறது, அதன் சொற்கள் எவை, எந்த வயதில் தொடங்கி எந்த வயதில் முடிகிறது, மீறினால் என்ன விளைவு என்பவற்றை மூலச்சட்டத்திலேயே தேடுங்கள். கூட்டாட்சி நாடாக இருந்தால், எந்த அரசின் சட்டம் என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் உறுதிசெய்யவேண்டும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றில் கல்வி மாநிலங்களின் அல்லது மாகாணங்களின் அதிகாரத்துக்குட்பட்டது. எனவே "அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது" என்ற கேள்விக்கு ஐம்பது பதில்கள் உண்டு.

மாலைப்பாடம் எழுதியது:

ஏட்டுச்சுரைக்காய் அவர்கள் சட்டத்தின் கதவைக் காட்டிவிட்டார். நான் அதைத் தாண்டிய பின் நடப்பவற்றைச் சொல்கிறேன். இரண்டு வெவ்வேறு நாடுகளில் என் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பித்திருக்கிறேன். வீட்டில் கற்பிக்கும் பிற குடும்பங்களுக்குக் கடிதங்கள் எழுதிக்கொடுக்கும் பழக்கமும் உண்டு.

தெரிவித்தால் போதுமா, அனுமதி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவை வெறும் படிவ வேறுபாடுகள் அல்ல. தெரிவிப்பு முறையில் நீங்கள் கடிதம் கொடுத்த அன்றே கற்பிக்கத் தொடங்கலாம். குறை இருப்பதாகக் கருதினால் அதை நிறுவும் முயற்சி அதிகாரியுடையது. அனுமதி முறையில் ஒப்புதல் கைக்கு வரும்வரை பிள்ளை பள்ளிக்குப் போயாக வேண்டும், நிறுவும் பொறுப்பும் உங்களுடையது. பிரான்சு நாட்டின் மாற்றம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பல ஆண்டுகளாக அங்கே ஆண்டுதோறும் தெரிவித்தால் போதும் என்ற நிலை இருந்தது. 2021 ஆகஸ்டு 24ஆம் நாளிட்ட சட்டத்தின்படி, 2022ஆம் ஆண்டுக் கல்வியாண்டிலிருந்து முன் அனுமதி கட்டாயமாகிவிட்டது. உடல்நலம் அல்லது மாற்றுத்திறன், தீவிர விளையாட்டு அல்லது கலைப் பயிற்சி, குடும்பத்தின் இடம்பெயர்வு அல்லது பள்ளி தொலைவில் இருத்தல், பிள்ளைக்கே உரிய தனிச்சூழல் என்ற நான்கில் ஒன்றின் கீழ்தான் விண்ணப்பிக்க முடியும். பொதுவாக மார்ச் 1 முதல் மே 31 வரைதான் விண்ணப்பக் காலம். ஜூலையில் அந்நாட்டுக்குப் போய் இறங்கிவிட்டு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று எண்ணிப் பாருங்கள்.

தகுதி பற்றிய கேள்விக்கும் அங்கேயே ஒரு பதில் இருக்கிறது. நான்காவது காரணத்தின் கீழ் விண்ணப்பித்தால் கற்பிப்பவர் பள்ளியிறுதித் தேர்வுக்கு இணையான சான்று காட்டவேண்டும். கல்வியின் பெரும்பகுதியைப் பிரெஞ்சு மொழியில் அளிப்பதாகவும் உறுதி கூறவேண்டும். மொழி பற்றிய இந்த நிபந்தனையை நம்மவர்கள் பலர் கவனிப்பதே இல்லை. வீட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கற்பிக்கலாம் என்று திட்டமிட்டுக்கொண்டு போனால், அந்தத் திட்டமே விண்ணப்பம் மறுக்கப்படக் காரணமாகலாம். பயிற்றுமொழி பற்றிய வரி சட்டத்தில் இல்லாவிட்டாலும் விதிகளிலோ படிவத்திலோ இருக்கக்கூடும் என்பதால், அதைத் தனியாகத் தேடுங்கள்.

அமெரிக்க மாநிலங்களை எடுத்துக்கொண்டால் வரம்பு மிக அகலமானது. டெக்சாஸில் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டிய தேவைகூட இல்லை. வீட்டுப் பள்ளியைத் தனியார் பள்ளியாகக் கருதலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1994ஆம் ஆண்டில் உறுதி செய்தது. ஆனாலும் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகியவற்றை உண்மையாகவே கற்பிக்கவேண்டும். கலிபோர்னியாவில் பெரும்பாலான பெற்றோர் அக்டோபர் 1 முதல் 15ஆம் நாளுக்குள் தனியார் பள்ளிக்குரிய உறுதிமொழிப் படிவத்தைத் தாக்கல் செய்கிறார்கள். நியூயார்க்கில் ஜூலை 1ஆம் நாளுக்குள் வீட்டில் கற்பிக்கும் எண்ணத்தைத் தெரிவிக்கும் கடிதம், பின்னர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கற்பித்தல் திட்டம், காலாண்டு அறிக்கைகள், ஆண்டு மதிப்பீடு என்று தொடர்கிறது. பென்சில்வேனியாவில் உறுதிமொழிப் பத்திரமும், ஆண்டு முழுவதும் திரட்டிய கற்றல் கோப்பும், அதைப் பார்வையிட்டுச் சான்றளிக்கத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரும் வேண்டும். 3, 5, 8 ஆகிய வகுப்புகளில் பொதுத் தேர்வும் உண்டு. கற்பிக்கும் பெற்றோர் பள்ளியிறுதி முடித்திருக்கவேண்டும். ஒரே நாட்டின் குடியினர் இந்த நான்கு மாநிலங்களில் நான்கு வேறுபட்ட கடமைகளைச் சுமக்கிறார்கள்.

பள்ளியிலிருந்து விலகும் முறையில்தான் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை தொடங்கின. வீட்டில் கற்பிக்க அனுமதி இருக்கும் நாட்டிலும், பள்ளிப் பதிவேட்டில் பெயர் நீக்கப்படாமல் பிள்ளை வராமலிருந்தால், சட்டத்தின் பார்வையில் அது காரணமற்ற விடுப்பு மட்டுமே. இங்கிலாந்தில் வழக்கமான பள்ளியாக இருந்தால் பெற்றோரின் எழுத்துமூல அறிவிப்பின் பேரில் பெயரை நீக்கவேண்டும். ஆனால் உள்ளாட்சி ஏற்பாட்டில் சிறப்புப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு உள்ளாட்சியின் ஒப்புதல் தேவை. ஸ்காட்லாந்திலோ அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை விலக்கவே உள்ளாட்சியின் ஒப்புதல் வேண்டும். பள்ளியில் சேராத பிள்ளைக்கு அது தேவையில்லை. ஆகவே "முதலில் சேர்த்துப் பார்ப்போம், ஒத்துவராவிட்டால் வீட்டுக்கு மாறிக்கொள்வோம்" என்பது சில இடங்களில் எளிய வழியைக் கடினமாக்கிக்கொள்வதாகும். விலகல் கடிதத்தை ஒப்புகையுடன் கொடுத்து, பெயர் நீக்கப்பட்ட நாள் குறிக்கப்பட்ட பதிலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சான்றுகளைப் பொறுத்தவரை என் வழக்கம் இது. சட்டம் கேட்பதைவிட அதிகமாகச் சேர்த்து வைப்பேன். சட்டம் கேட்பதை மட்டும் கொடுப்பேன். நாள்தோறும் நடந்த பாடங்களின் குறிப்பு, தேதியிட்ட கட்டுரைகள், கணக்கு ஏடுகள், படித்த நூல்களின் பட்டியல், வெளியில் பயின்ற இசை அல்லது நீச்சல் வகுப்பின் சான்று என எல்லாம் கோப்பில் இருக்கும். காலாண்டு அறிக்கை கேட்கும் இடத்தில் காலாண்டு அறிக்கை மட்டும் போகும். கேட்காததைக் கொடுத்தால், அடுத்த ஆண்டு அதுவே எதிர்பார்ப்பாகிவிடுகிறது. அடுத்து வரும் குடும்பத்திடமும் அதையே கேட்கிறார்கள்.

கரும்பலகை எழுதியது:

பல ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாலைப்பாடம் அம்மாவின் கடைசிப் பத்தியோடு எனக்கு உடன்பாடு இல்லை என்பதை மரியாதையுடன் சொல்லவேண்டும்.

கேட்டதை மட்டும் கொடுப்பது என்ற நிலைப்பாடு, படிவங்கள் துல்லியமாக வரையறுக்கப்பட்ட இடங்களுக்குப் பொருந்தலாம். சட்டம் வேண்டுமென்றே நெகிழ்வாக எழுதப்பட்ட இடங்களில் அது பெற்றோருக்கே தீங்காக முடியும். இங்கிலாந்தில் உள்ளாட்சி அதிகாரி முறைசாராமல் விசாரித்துக் கடிதம் எழுதினால், பதில் எழுதவேண்டிய நேரடிக் கடமை பெற்றோருக்கு இல்லை. ஆனால் 1980ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் நீதிமன்றம், பதிலே சொல்லாவிட்டால் பெற்றோர் தம் கடமையைச் செய்யவில்லை என்ற முடிவுக்கு உள்ளாட்சி எளிதில் வரக்கூடும் என்று எடுத்துக்காட்டியது. அந்த முடிவுக்கு வந்துவிட்டால் இன்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 437ஆவது பிரிவின்படி அறிவிப்பு வரும். அதற்கும் நிறைவான பதில் இல்லையென்றால் பள்ளியில் சேர்க்கும்படி ஆணை வரும். வாய் திறவாமல் இருக்கும் உரிமை இருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்துவது எப்போதும் அறிவுடைமை ஆகாது. பிள்ளைகளின் பாடங்களைப் பற்றி இரண்டு பக்கங்களில் தெளிவாக எழுதி அனுப்புவது பெரும்பாலான விசாரணைகளை அங்கேயே முடித்துவிடும்.

இன்னொன்றையும் இங்கே பேசியாகவேண்டும். இந்த இழையில் இதுவரை பெற்றோரும் அரசும் மட்டுமே எதிரெதிரே நிற்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு, அது பிள்ளை. 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 28ஆவது உறுப்பு கல்வியைப் பிள்ளையின் உரிமையாகவே சொல்கிறது. 12ஆவது உறுப்பு, தன்னைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்து மதிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை தருகிறது. ஒன்பது வயதுப் பெண்ணுக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும். பல நாடுகளில் பார்வையிட வரும் அலுவலர் பிள்ளையிடமும் பேச விரும்புவார். அப்போது அவள் முதன்முறையாகத் தன் கருத்தைக் கேட்கப்படுபவளாக இருக்கக்கூடாது.

ஏற்ற கல்வி என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்காத இடங்களில் நீதிமன்றங்களின் சொற்களைத் தேடுங்கள். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று, பிள்ளை தான் சார்ந்த சமூகத்தில் வாழத் தகுதியாக்கும் கல்வி ஏற்ற கல்வியே என்றும், ஆனால் பிற்காலத்தில் விரும்பினால் வேறு வாழ்க்கை முறையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பை அது அடைத்துவிடக்கூடாது என்றும் கூறியது. நியூசிலாந்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டமோ, பதிவுபெற்ற பள்ளியில் கற்பிக்கப்படும் அளவுக்கு ஒழுங்காகவும் நன்றாகவும் பிள்ளைக்குக் கற்பிக்கப்படும் என்று அமைச்சகம் நிறைவடைந்தால்தான் விலக்குச் சான்றிதழ் தருகிறது. முதலாவது பிள்ளையின் எதிர்காலத்தை அளவுகோலாகக் கொள்கிறது, இரண்டாவது பள்ளியையே அளவுகோலாகக் கொள்கிறது. நீங்கள் எழுதும் கற்பித்தல் திட்டம் இவற்றில் எதற்குப் பதில் சொல்கிறது என்று தெரிந்துதான் எழுதவேண்டும்.

வழிநடை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கரும்பலகை ஐயா கூறியபடி மகளிடம் உட்கார்ந்து பேசினோம். அவளுக்கு வீட்டில் படிப்பதில் விருப்பமே, ஆனால் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கவும் ஆசைப்படுகிறாள். ஆகையால் இன்னும் சில கேள்விகள். நாங்கள் ஒரு நாட்டின் குடியுரிமையோடு வேறொரு நாட்டில் வசிக்கும்போது எந்தச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தும்? வேறு நாட்டில் இயங்கும் இணையவழிப் பள்ளி ஒன்றில் சேர்த்துவிட்டால் பள்ளியில் படிப்பதாகக் கணக்காகுமா? நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே வீட்டில் பாடம் நடத்தினால் சிக்கல் வருமா?

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

முதல் கேள்விக்கு, பொதுவாக வசிக்கும் இடமே முடிவு செய்கிறது. பிரான்சின் கட்டாயக் கல்வி அங்கு வசிக்கும் மூன்று முதல் பதினாறு வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளுக்கும், குடியினர் அயல்நாட்டினர் என்ற வேறுபாடின்றிப் பொருந்தும். சிங்கப்பூர் இதற்கு விதிவிலக்கு: அதன் 2000ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் அங்கு வசிக்கும், சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற பிள்ளைகளையே குறிவைக்கிறது. அவர்களின் பெற்றோர் வீட்டில் கற்பிக்க விரும்பினால் விலக்குப் பெறவேண்டும். பிள்ளை தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் குறிப்பிட்ட அளவை எட்டவும் வேண்டும். ஆகவே சட்டத்தின் வரையறைப் பிரிவில் "பிள்ளை", "பெற்றோர்", "வசிப்பவர்" ஆகிய சொற்களுக்குத் தரப்பட்டுள்ள பொருளைத் தவறாமல் படியுங்கள். பலர் தாண்டிச் செல்லும் பக்கம் அதுதான்.

சட்டம் ஒருபுறமிருக்க, விசா நிபந்தனைகளைத் தனியாகப் பார்க்கவேண்டும். பள்ளிச் சேர்க்கைச் சான்று குடியேற்ற ஆவணங்களில் கேட்கப்படும் இடத்தில், கல்விச் சட்டம் அனுமதிப்பது மட்டும் போதாது.

இணையவழிப் பள்ளியைப் பொறுத்தவரை, நீங்கள் வசிக்கும் நாடு அதைப் பள்ளியாக ஏற்றுப் பதிவு செய்திருந்தாலன்றி, அது ஒரு பாடத்திட்டம் மட்டுமே. எவ்வளவு புகழ்பெற்ற நிறுவனமாக இருந்தாலும், பிள்ளை வீட்டில் இருக்கும் நிலையில் சட்டம் அவளை வீட்டில் கற்பவளாகவே பார்க்கும். தெரிவிப்பு, அனுமதி, மதிப்பீடு ஆகிய கடமைகள் அப்படியே இருக்கும். பள்ளிக்குச் செல்வதே கட்டாயமான நாட்டில் இணையப் பள்ளியின் சேர்க்கைக் கடிதம் உங்களைக் காப்பாற்றாது.

கூட்டாகக் கற்பிப்பதில் கவனம் தேவை. வீட்டுவழிக் கல்வி என்ற எல்லையைத் தாண்டி, பதிவு பெறாத பள்ளி நடத்திய குற்றத்துக்குள் போய்விழும் அபாயம் அங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் கட்டாயக் கல்வி வயதுள்ள ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் முழுநேரக் கல்வி அளித்தால் அது பதிவு பெறவேண்டிய தனிப் பள்ளியாகிவிடும். உள்ளாட்சியின் சிறப்புக் கல்வித் திட்டத்தின் கீழுள்ள பிள்ளை என்றால் ஒருவரே போதும். இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசின் ஏற்பின்றிப் பள்ளி நடத்துவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கிறது. கவனியுங்கள், பெற்றோர்மீது தண்டனை இல்லாத அதே சட்டம்தான் இது. வாரத்தில் ஓரிரு அரைநாள்கள், பெற்றோர் உடனிருக்க, ஒரு பாடத்துக்கோ கலைக்கோ கூடுவது பெரும்பாலும் வேறு வகை. அதுவே நாள்தோறும் காலை முதல் மாலை வரை, பெற்றோர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஏற்பாடானால், அதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் அதிகாரி வைக்கும் பெயர் பள்ளி.

கேட்காத ஒன்றைச் சேர்க்கிறேன். பெற்றோர் இருவருக்கும் சட்டப்படி பொறுப்பு இருக்கும்போது, ஒருவர் எதிர்த்தால் வீட்டுவழிக் கல்வி குடும்ப நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய விவகாரமாகிறது. உங்கள் இல்லத்தில் அத்தகைய சிக்கல் இல்லை என்பது தெரிகிறது. ஆயினும் இந்த இழையைப் பின்னர் படிப்பவர்களில் பிரிந்து வாழும் பெற்றோரும் இருப்பார்கள். அவர்கள் மற்றவரின் எழுத்துமூலச் சம்மதமின்றித் தொடங்காமலிருப்பது நல்லது.

சட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன என்பதற்கும் ஒரு குறிப்பு: இங்கிலாந்தில் பள்ளியில் இல்லாத பிள்ளைகளுக்குப் பதிவேடு உருவாக்கும் மசோதா 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, தென்னாப்பிரிக்காவில் வீட்டுவழிக் கல்வி விதிகளையும் தொடும் திருத்தச் சட்டத்தில் அதே ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். நான் மேலே எழுதியவற்றையும், புறப்படுவதற்கு முன் அந்தந்த அரசின் தளத்தில் உள்ள நடப்புச் சட்டத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மாலைப்பாடம் எழுதியது:

கரும்பலகை ஐயாவின் மறுப்பில் பாதியை ஏற்கிறேன். விதி நெகிழ்வாக இருக்கும் இடத்தில் நன்றாக எழுதப்பட்ட அறிக்கை பெற்றோருக்குக் கேடயம்தான். வீட்டுக்குள் வந்து பார்ப்பதற்கு மட்டும், சட்டம் அந்த அதிகாரத்தைத் தருகிறதா என்று முதலில் கேட்பேன். தராத இடத்தில் நூலகத்திலோ அலுவலகத்திலோ சந்திக்கலாம் என்று பணிவுடன் சொல்வேன்.

வழிநடை அவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள், அது தேர்வு பற்றியது. மகளுக்கு ஒன்பது வயது என்பதால் இப்போது தொலைவாகத் தோன்றலாம். ஆனால் கட்டாயக் கல்விச் சட்டத்தை நிறைவு செய்வதும், பல்கலைக்கழகம் ஏற்கும் சான்றிதழைப் பெறுவதும் இரண்டு தனித்தனிப் பாதைகள். சட்டம் முழுமையாக அனுமதித்த வீட்டுவழிக் கல்வி, தானாக எந்தச் சான்றிதழையும் தருவதில்லை. ஆஸ்திரியா போன்ற நாடுகளில் ஆண்டுதோறும் வெளித்தேர்வு எழுதித் தேறியாகவேண்டும், தேறாவிட்டால் பள்ளிக்குத் திரும்பவேண்டும். அங்கே சான்று கூடவே சேர்ந்துகொண்டு வருகிறது. மற்ற பல இடங்களில் அதை நீங்களே ஏற்பாடு செய்யவேண்டும். கேம்பிரிட்ஜ் போன்ற பன்னாட்டுத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதலாம். இந்தியாவில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதினான்கு வயது நிறைந்திருக்கவேண்டும்.

தனித்தேர்வரை எல்லாத் தேர்வு மையங்களும் ஏற்பதில்லை என்பதும், செய்முறையோ வகுப்புப் பணியோ அடங்கிய பாடங்களுக்கு மையம் கிடைப்பது இன்னும் அரிது என்பதும் பெற்றோர் பலருக்குக் கடைசி ஆண்டில்தான் தெரியவருகிறது. அறிவியல் பாடங்களில் செய்முறைக்குப் பதிலாக எழுத்துத் தேர்வு வைத்திருக்கும் பாடத்திட்டத்தைத் தேர்ந்தால் நாடு மாறும் குடும்பத்துக்கு வசதி. ஒவ்வொரு நாட்டை விட்டுக் கிளம்பும்போதும், அங்கு பெற்ற அனுமதிக் கடிதம் அல்லது தெரிவிப்பின் ஒப்புகை, மதிப்பீட்டாளரின் அறிக்கை, பதிவு நீக்கக் கடிதம் ஆகியவற்றின் சான்றொப்பமிட்ட படிகளையும் அவற்றின் மொழிபெயர்ப்பையும் அந்த நாட்டிலேயே வாங்கிவிடுங்கள்; கிளம்பிய பின் அவற்றைக் கடிதம் எழுதிப் பெறுவது மிகவும் கடினம்.